அம்பாந்தோட்டை 99 ஆண்டுக் குத்தகை: அண்டை நாட்டுக்கான ஆபத்து ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது?

தெற்குவாசல் (கேள்வி)

இலங்கையின் தெற்குக் கரையிலுள்ள அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகையாக ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். ஒன்று, "கடனைக் கட்ட முடியவில்லை, சீனா துறைமுகத்தை எடுத்துக்கொண்டது". இன்னொன்று, "அது வெறும் வணிகம், டெல்லி வீணாகப் பதறுகிறது". இரண்டுமே அரைகுறையாகத்தான் படுகிறது.

தெரிய வேண்டியவை இவை. 2017இல் வந்த பணம் எங்கே போனது, பழைய கடன் தீர்ந்ததா? பங்கு விகிதம் என்று 85, 70, 49.3 ஆகிய மூன்று எண்கள் உலவுகின்றன, எது சரி? போர்க்கப்பலோ ஆய்வுக் கப்பலோ வந்து நிற்பதற்கு அனுமதி கொடுப்பது குத்தகைக்காரரா, அரசா? நாளைக்கு இன்னொரு துறைமுகத்துக்கோ மின்திட்டத்துக்கோ ஒப்பந்தம் வந்தால் எந்தப் பிரிவுகளை முதலில் புரட்ட வேண்டும்?

கட்சிச் சண்டை வேண்டாம். ஆவணம் படித்தவர்கள் எழுதினால் நல்லது.

கணக்கன்

பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பழைய கடன் தீரவில்லை. "கடனுக்குப் பதில் துறைமுகம்" என்ற கதை இந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

முதல் கட்டத்துக்கு 2007இல் சீன எக்ஸிம் வங்கி கொடுத்தது 30.7 கோடி டாலர். தவணைக்காலம் 15 ஆண்டு, அதில் முதல் 4 ஆண்டு அசல் கட்ட வேண்டாம். வட்டிக்கு இரண்டு வழி இருந்தது: 6.3% நிலையான வட்டி, அல்லது லைபாரை (லண்டன் வங்கிகள் தமக்குள் கடன் கொடுக்கும் வட்டி வீதம்) ஒட்டி ஏறி இறங்கும் வட்டி. அப்போது லைபார் 5 சதவீதத்துக்கு மேல் இருந்ததால் கொழும்பு நிலையானதை எடுத்தது. அடுத்த ஆண்டே உலக நிதி நெருக்கடி வந்து வட்டிகள் தரையைத் தொட்டன, இலங்கை 6.3இல் மாட்டிக்கொண்டது. இரண்டாம் கட்டத்துக்கு வாங்கிய 75.7 கோடி டாலருக்கு வட்டி 2% தான். "சீனா அநியாய வட்டி வாங்கியது" என்பவர்கள் முதல் எண்ணை மட்டும் காட்டுவார்கள், "சலுகைக் கடன்" என்பவர்கள் இரண்டாவதை மட்டும் காட்டுவார்கள்.

திட்டம் சறுக்கியது வட்டியால் அல்ல, வரவால். துறைமுகம் திறந்தது 2010 நவம்பரில். 2012 முழுவதும் வந்த கப்பல்கள் 34. பக்கத்திலேயே கிழக்கு-மேற்குக் கப்பல் பாதை போகிறது என்பது உண்மைதான். ஆனால் போகிற கப்பல் திரும்பி உள்ளே வர ஒரு காரணம் வேண்டும்: மாற்றி ஏற்ற சரக்கு, எரிபொருள், பழுதுபார்ப்பு, பின்னணியில் தொழிற்பேட்டை. கொழும்பில் இவை ஏற்கனவே இருந்தன. அம்பாந்தோட்டையில் எரிபொருள் தொட்டிகள் கூடப் பின்னால்தான் வந்தன. இன்னொன்றையும் கவனியுங்கள்: கடன் டாலரில், ஆனால் இழப்பைத் தாங்கியது இலங்கை அரசின் துறைமுக அதிகார சபை. கொழும்புத் துறைமுகத்தின் லாபம் அம்பாந்தோட்டைத் தவணைக்குப் போனது.

2017 ஜூலை 29 ஒப்பந்தத்தில் குத்தகைக்காரரான சைனா மெர்ச்சன்ட்ஸ் போர்ட் நிறுவனம் ஒத்துக்கொண்ட தொகை 112 கோடி டாலர். அதில் 97.4 கோடி பங்குக்காக இலங்கைக்கு வந்தது. மீதி 14.6 கோடி அம்பாந்தோட்டையிலேயே துறைமுக, கடல்சார் வேலைகளுக்குச் செலவிட ஒதுக்கிய வைப்பு. வந்த பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. எக்ஸிம் வங்கிக் கடன்கள் ரத்தாகவில்லை, திறைசேரி (அரசுக் கருவூலம்) தலையில் ஏறின.

கையிருப்புக்கு அவ்வளவு அவசரம் ஏன்? அப்போது இலங்கையின் வெளிக்கடனில் ஏறத்தாழ 40% சந்தைக்கடன், அதாவது பெரும்பாலும் டாலர் கடன்பத்திரங்கள். சீன அரசுக் கடன் சுமார் 10%, அரசு நிறுவனங்கள் தனியாக வாங்கியதையும் சேர்த்தால் இன்னும் கூடும். பத்திரக் கடனில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை, தேதி வந்தால் முழு அசலையும் வைக்க வேண்டும். எனவே நடந்தது அடகு நகை மூழ்கியதல்ல, ஒரு கடைக்காரனுக்கு நகையை விற்று இன்னொரு கடைக்காரனுக்கு வட்டி கட்டியது. கடைசியில் அதுவும் உதவவில்லை. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது.

பாதுகாப்புக் கேள்விக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், நாட்டை விலைபேசும் நிலைக்குத் தள்ளுவது ஒரு கடன்காரரின் சூழ்ச்சியாக இருக்கவேண்டியதில்லை. கையிருப்பு வறண்ட மாதத்தில் யார் கையில் ரொக்கம் இருக்கிறதோ அவருடைய நிபந்தனை எடுபடும். 2017இல் சீன நிறுவனம் இருந்தது. 2022இல் எரிபொருள், மருந்து, நாணய மாற்று என்று சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவி கொடுத்த இந்தியா இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கொழும்பின் முடிவுகள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்று பார்த்தாலே புரியும்.

சுக்கான்

பங்குக் கணக்குக்கு வருகிறேன். மூன்று எண்களும் சரிதான், மூன்றும் வேறு வேறு பொருளுக்கு.

இரண்டு நிறுவனங்கள் உண்டு. ஒன்று துறைமுகத்தை நடத்தும் குழும நிறுவனம்: சீனத் தரப்பு 85, துறைமுக அதிகார சபை 15. மற்றொன்று பொதுவான வசதிகளையும் சேவைகளையும் பார்க்கும் நிறுவனம்: இதில் முதல் நிறுவனம் 58, அதிகார சபை 42. அந்த 58இல் 85% சீனத் தரப்புக்கு, அதாவது 49.3. மீதி 8.7ஐ அதிகார சபையின் 42 உடன் கூட்டினால் 50.7. இரண்டு நிறுவனங்களையும் மொத்தமாக மதிப்பிட்டால் 70-30 வருகிறது.

"பாதுகாப்பு சார்ந்த நிறுவனத்தில் இலங்கைக்கே பெரும்பான்மை" என்று அப்போது மேடைகளில் பேசப்பட்டது அந்த 50.7ஐ வைத்துத்தான். பங்காதாயக் கணக்கில் அது உண்மை. ஆனால் பங்குதாரர் கூட்டத்தில் அமர்ந்து வாக்களிப்பது 58ஐ வைத்திருக்கும் நிறுவனம், அதை ஆள்வது 85% வைத்திருப்பவர். ஒரு நிறுவனத்துக்குள் இன்னொரு நிறுவனத்தைச் செருகும் எல்லா ஒப்பந்தத்திலும் இந்த வித்தியாசம் வரும். சதவீதத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், இயக்குநர் சபையில் யாருக்கு எத்தனை இருக்கை, எந்த முடிவுகளுக்கு இரு தரப்பின் சம்மதமும் கட்டாயம் என்ற அட்டவணையைத் தேடிப் படிக்க வேண்டும்.

இனிக் கப்பல். வணிகக் கப்பலுக்கு பெர்த் (கப்பல் கட்டி நிற்கும் இடம்) ஒதுக்குவது முனையத்தை நடத்துபவரின் அன்றாட வேலை. போர்க்கப்பலும் அரசு ஆய்வுக் கப்பலும் அந்த வழியில் வருவதில்லை. தூதரகம் வெளியுறவு அமைச்சுக்குக் குறிப்பு அனுப்பும், பாதுகாப்பு அமைச்சும் கடற்படையும் கருத்துச் சொல்லும், அனுமதி கிடைத்த பிறகுதான் உள்ளூர் முகவர் பெர்த், பைலட் (கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் மாலுமி), இழுவைப் படகு, தண்ணீர், எரிபொருள் ஏற்பாட்டைத் தொடங்குவார். குத்தகைக்காரர் தாமாகவே ஒரு போர்க்கப்பலை அழைத்து நிறுத்திவிட முடியாது. கடற்படையின் தெற்குக் கட்டளையகத்தைக் காலியிலிருந்து அம்பாந்தோட்டைக்கு மாற்றுவதாக 2018இல் அறிவித்ததும் இதைக் காட்டத்தான்.

நடந்தவற்றைப் பாருங்கள். 2014 செப்டம்பரிலும் அக்டோபர் கடைசியிலும் சீன நீர்மூழ்கிகள் வந்தது அம்பாந்தோட்டைக்கு அல்ல, கொழும்பில் சீன நிறுவனம் 85% வைத்திருக்கும் தெற்கு முனையத்துக்கு. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்த சமயத்தில் அதேபோன்ற கோரிக்கையைக் கொழும்பு மறுத்தது. முனையம் அதே, குத்தகை அதே, பங்கும் அதே. மாறியது ஆட்சி.

அம்பாந்தோட்டைக்கு வந்த யுவான் வாங் 5 என்ற சீன அரசுக் கப்பலின் விவகாரம் இன்னும் தெளிவு. 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் "இப்போது வேண்டாம்" என்றார்கள். பிறகு மறுபடி அனுமதித்தார்கள். 16ஆம் தேதி வந்த கப்பல் 22ஆம் தேதி கிளம்பியது. இலங்கையின் பொருளாதார மண்டலத்துக்குள் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை) கப்பலின் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அறிவியல் ஆய்வு எதுவும் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகள். இதில் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. வணிக நோக்கமில்லாத அரசுக் கப்பலுக்கு ஐ.நா. கடல் சட்டத்தில் விலக்குரிமை இருக்கிறது. உள்ளே ஏறிச் சோதிக்க முடியாது. நிபந்தனையை மீறினாலும் செய்யக்கூடியது, "வெளியேறு" என்று சொல்வது மட்டும். ஆகவே தடுப்பதென்றால் நுழைவதற்கு முன்பே தடுக்க வேண்டும், உள்ளே வந்தபின் போடும் நிபந்தனை பெரும்பாலும் காகிதம்.

தெற்குவாசல்

50.7க்கும் 58க்கும் உள்ள வேறுபாடு இப்போதுதான் பிடிபட்டது, நன்றி. துணைக்கேள்வி இரண்டு. ஆய்வுக் கப்பல் துறைமுகத்தில் சும்மா நின்றால் இந்தியாவுக்கு என்ன கெடுதல்? 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதத்தில் "எந்தத் துறைமுகமும் இந்திய நலனுக்கு எதிராகப் பயன்படாது" என்று இருக்கிறதே, அதை வைத்துத் தடுக்க முடியாதா?

சுக்கான்

சும்மா நிற்பதில் கெடுதல் குறைவு. நின்றுவிட்டுத் திரும்பக் கடலுக்குப் போவதில்தான் விஷயம். துறைமுகம் கொடுப்பது எரிபொருள், குடிநீர், காய்கறி, ஆள் மாற்றம். அது பக்கத்தில் கிடைத்தால் இந்தியப் பெருங்கடலில் கப்பல் தங்கும் நாள் கூடும், தாய்த்துறைமுகத்துக்குப் போய்வரும் பயணம் மிச்சம். யுவான் வாங் வகைக் கப்பல்களின் வேலை செயற்கைக்கோள், ஏவுகணைத் தடம் பார்ப்பது. ஒடிசாக் கரையிலிருந்து ஏவுகணைச் சோதனை நடக்கும்போது அவை எந்தப் பக்கம் நிற்கின்றன என்பது முக்கியமாகிறது.

ஷி யான் 6 போன்ற சீன ஆய்வுக் கப்பல்கள் வேறு ரகம். ஷி யான் 6 2023 அக்டோபரில் கொழும்புக்கு வந்தது. இவ்வகைக் கப்பல் கடலின் ஆழம், வெப்பநிலை, உப்புத்தன்மை ஆகியவற்றை அடுக்கடுக்காக அளக்கும். தண்ணீரில் ஒலி எவ்வளவு வேகத்தில், எந்தத் திசையில் வளைந்து போகும் என்பது இந்த மூன்றையும் பொறுத்தது. மீன்வளத்துக்கும் பருவமழைக் கணிப்புக்கும் இது பயன்படும். நீர்மூழ்கியை எங்கே ஒளிக்கலாம், எதிரியின் நீர்மூழ்கியை எங்கிருந்து கேட்கலாம் என்பதற்கும் அதே அட்டவணைதான். தரவைப் பார்த்து இது அறிவியல், இது ராணுவம் என்று பிரிக்க வழியே இல்லை. இலங்கையிடம் இதற்கு ஒரு நல்ல பிடி இருந்தது: பொருளாதார மண்டலத்தில் ஆய்வு செய்யக் கரையோர நாட்டின் ஒப்புதல் வேண்டும், விவரங்களை ஆறு மாதம் முன்னதாகத் தர வேண்டும் என்று கடல் சட்டம் சொல்கிறது. அந்த ஆறு மாதத்தைக் கறாராகக் கேட்டிருந்தாலே பாதிச் சிக்கல் வந்திருக்காது. அதைவிட்டு 2024 ஜனவரி முதல் ஓராண்டுக்கு எல்லா நாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் தடை போட்டார்கள். யாரையும் பெயர்சொல்லிப் பகைக்காமல் தப்பிக்கும் வழி அது. கொள்கை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1987 கடிதத்தைப் பொறுத்தவரை, திருகோணமலையோ வேறு எந்தத் துறைமுகமோ இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் ராணுவப் பயன்பாட்டுக்கும் தரப்படாது என்பதுதான் சாரம். எது ராணுவப் பயன்பாடு, பாதகமா இல்லையா என்று தீர்மானிப்பது யார், சந்தேகம் வந்தால் யார் போய்ப் பார்ப்பது என்பதற்கு நடைமுறை ஏதும் அதில் இல்லை. மூன்று நாள் நின்று எரிபொருள் நிரப்பிய கப்பலை வைத்து அதை மீறல் என்று நிறுவ முடியாது. ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2024 டிசம்பரில் டெல்லியில் கொடுத்த உறுதியும் அதே சாயல்தான். அரசியல் எடை உண்டு, சட்டப் பல் இல்லை.

தீவகம்

துறைமுகத்தையே எல்லாரும் கதைக்கிறீர்கள். இதே பாதுகாப்புக் காரணம் சின்னத் திட்டங்களில் என்ன செய்யும் என்பதற்கு யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவைப் பாருங்கள்.

மூன்று தீவுகளும் டீசல் மின்பிறப்பாக்கியில் ஓடிவந்தவை. காற்றாலை, சூரியத் தகடு, மின்கலம் சேர்த்த கலப்புத் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி நிதியில் சர்வதேசக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரி, 2021 ஜனவரியில் அமைச்சரவை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் என்று இந்தியா எதிர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில் "மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை" காரணமாகத் திட்டம் நிறுத்தப்படுவதாகச் சீனத் தூதரகமே அறிவித்தது. பிறகு இந்தியா சுமார் 12 மில்லியன் டொலரை நன்கொடையாகத் தர முன்வந்து, 2022 மார்ச்சில் உடன்படிக்கை எழுதி, 2024 மார்ச்சில்தான் பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வேலை ஒப்படைக்கப்பட்டது.

அளவு என்ன தெரியுமா? மூன்று தீவுக்கும் சேர்த்து 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் சூரியம், 2,400 கிலோவாட் மணி மின்கலம், துணைக்கு 2,500 கிலோவாட் டீசல். இவ்வளவு சின்னத் தொகுதியில் உளவு எங்கிருந்து வரும் என்று சிரிப்பவர்கள் உண்டு. பராமரிப்பு ஆட்கள் நிரந்தரமாகத் தங்குவது, தொலைவிலிருந்து இயக்கும் கட்டுப்பாட்டு இணைப்பு வெளிநாட்டுச் சேவகத்துக்கு (சர்வர்) போவது, கோபுரங்களில் என்ன பொருத்தப்படுகிறது என்று பார்க்க ஆளில்லாதது ஆகியவை கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் இவற்றைக் கேள்விப்பத்திர நிபந்தனையிலேயே எழுதியிருக்கலாம்: இயக்கமும் பராமரிப்பும் மின்சார சபையின் ஆட்களிடம், சேவகம் நாட்டுக்குள், கோபுரத்தில் வேறு கருவி பொருத்துவதென்றால் எழுத்து அனுமதி. அப்படி எழுதியிருந்தால் எந்த நாட்டு நிறுவனம் வென்றாலும் சரியாக இருந்திருக்கும். கேள்விப்பத்திரம் முடிந்து வென்றவரை அறிவித்த பிறகு வந்த எதிர்ப்பால், இடையில் மூன்று வருடத்துக்கு மேல் போனது. அவ்வளவு காலமும் தீவுச் சனத்துக்கு டீசல்தான்.

கணக்கன்

தீவகம் சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நிபந்தனையைப் பின்னால் சேர்ப்பதற்கு இருக்கும் விலையை மாலத்தீவு அனுபவித்தது. மாலே விமான நிலையத்தை நடத்த இந்தியாவின் ஜிஎம்ஆர் நிறுவனத்துக்கு 2010இல் கொடுத்த உரிமையை 2012இல் புதிய அரசு செல்லாது என்று பறித்தது. நடுவர் மன்றம் ஒப்பந்தம் செல்லும் என்று தீர்த்தது. 2016இல் மாலத்தீவு கட்டிய இழப்பீடு சுமார் 27 கோடி டாலர். விரிவாக்க வேலை சீன நிறுவனத்துக்குப் போனது. மாறாக மியன்மார் கியாவ்ப்யூ துறைமுகத்தில் கையெழுத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசியது. 730 கோடி டாலராக இருந்த திட்டத்தை 2018இல் 130 கோடியாகக் குறைத்து, தன் பங்கையும் 15லிருந்து 30 சதவீதமாக்கியது. அபராதம் ஒரு சதமும் இல்லை.

நீங்கள் கேட்ட பிரிவுகள். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: கடன் ஒப்பந்தம் வேறு, துறைமுகத்தை நடத்தும் உரிமை ஒப்பந்தம் வேறு. செய்தித்தாள்கள் இரண்டையும் கலக்கும்.

கடன் தாளில் வட்டியைத் தாண்டிப் பாருங்கள். எந்த நாட்டுச் சட்டம் ஆளும், வழக்கு எங்கே? சீன எக்ஸிம் கடன்களில் வழக்கமாகச் சீனச் சட்டமும் பெய்ஜிங் நடுவர் அமைப்பும்தான். இரகசியக் காப்பு எவ்வளவு தூரம், நாடாளுமன்றத்துக்கே காட்டக்கூடாதா? திட்ட வருமானம் கடன்காரர் கண்காணிக்கும் தனிக் கணக்கில் விழ வேண்டுமா? வேறொரு கடனில் தவறினால் இதுவும் தவறியதாகுமா? நான் மிக அஞ்சுவது இந்தக் கடைசியை. ஒரு சின்னக் கடனில் சறுக்கினால் எல்லாரும் ஒரே நாளில் கதவைத் தட்டுவார்கள்.

உரிமை ஒப்பந்தத்தில் முதலில் பார்ப்பது பங்குக் கைமாற்றம். இன்று ஏற்றுக்கொண்ட நிறுவனம் நாளை தன் பங்கை இன்னொருவருக்கு விற்க அரசின் சம்மதம் வேண்டுமா? இங்கே கோட்டைவிட்டால் பேச்சுவார்த்தை மொத்தமும் வீண். அடுத்து, போர் அல்லது அவசர நிலையில் அரசு தற்காலிகமாகப் பொறுப்பேற்கும் உரிமையும் அதற்கான இழப்பீட்டுச் சூத்திரமும். சூத்திரம் இல்லாத உரிமை பயன்படாது, எந்த நிதியமைச்சரும் தொகை தெரியாத காசோலையில் கையெழுத்துப் போடமாட்டார். பிறகு நிலம். கொழும்புத் துறைமுக நகரின் 2014 ஒப்பந்தத்தில் 233 ஹெக்டேரில் 20 ஹெக்டேர் முழு உரிமையாகவே போவதாக இருந்தது. டெல்லி அதைத்தான் பிடித்துக்கொண்டது. ஆட்சி மாறி வேலை நின்று, 2016இல் திருத்தி எல்லாமே 99 ஆண்டுக் குத்தகையானது.

சுக்கான்

ஒரு சேர்க்கை, ஒரு மறுப்பு.

சேர்க்கை: கருவிகளும் தரவும். கப்பலிலிருந்து கொள்கலன் இறக்கும் ராட்சதக் கிரேன்களில் உலகச் சந்தையை ஆள்வது ஷாங்காயின் இசட்பிஎம்சி. இந்தியத் துறைமுகங்களிலும் அவை நிற்கின்றன. ஆகவே "சீன முனையம்" என்று தனியாக ஒன்றைச் சுட்டிவிட்டு மற்றவற்றை மறப்பது பயனில்லை. கேட்க வேண்டியது: கிரேனின் கட்டுப்பாட்டுக்குத் தொலைதூரப் பராமரிப்பு இணைப்பு எப்போதும் திறந்திருக்கிறதா, தேவைப்படும்போது மட்டுமா, திறப்பது யார், பதிவேடு இருக்கிறதா? எந்தக் கொள்கலன் யாருடையது, எங்கே போகிறது என்ற முனைய மென்பொருளின் தரவு எந்த நாட்டில் சேமிக்கப்படுகிறது? கொழும்பின் மாற்றுச்சரக்கில் பெரும்பங்கு இந்தியாவுடையது. நீர்மூழ்கி ஆண்டுக்கு ஒருமுறை வரலாம், இந்தத் தரவு ஒவ்வொரு மணி நேரமும் போய்க்கொண்டிருக்கிறது. பத்திரிகையில் வருவது நீர்மூழ்கிதான்.

மறுப்பு: ரொக்கம் வைத்திருப்பவரின் நிபந்தனை எடுபடும் என்று கணக்கன் சொன்னது பாதிதான் சரி. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்துக்கு 2019இல் இந்தியா, ஜப்பானோடு ஒத்துழைப்புக் குறிப்பில் கையெழுத்திட்டும் தொழிற்சங்க எதிர்ப்பால் 2021 பிப்ரவரியில் கொழும்பு கைவிட்டது. ஈடாக மேற்கு முனையம் அதானிக்கு 51, இலங்கையின் ஜான் கீல்ஸ் நிறுவனத்துக்கு 34, அதிகார சபைக்கு 15 என்று 35 ஆண்டுக்குப் போனது. அதற்கு அமெரிக்க மேம்பாட்டு நிதி நிறுவனம் 55.3 கோடி டாலர் கடன் அறிவித்தது. 2024 டிசம்பரில் அதானி அது வேண்டாம், சொந்தப் பணத்திலேயே செய்கிறோம் என்றார், 2025 ஏப்ரலில் முனையம் இயங்கத் தொடங்கியது. மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டம் போட்டி ஏலமே இல்லாமல் கொடுக்கப்பட்டது: 484 மெகாவாட், யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சதம். புதிய அரசு விலையைக் குறைக்கக் கேட்டதும் 2025 பிப்ரவரியில் அவர்கள் விலகினார்கள். இந்திய ரொக்கம் உச்சத்தில் இருந்த காலத்தில் பேசி முடித்த திட்டம் அது. விலை பொதுவெளியில் நிற்காத ஒப்பந்தம் எந்த நாட்டுடையதானாலும் அடுத்த தேர்தலைத் தாண்டுவது கடினம்.

தெற்குவாசல், நீங்கள் ஒப்பந்தம் படிக்கத் தொடங்கினால் முதன்மை ஆவணத்தைவிட இணைப்புகளில் நேரம் செலவிடுங்கள். பைலட் சேவை, இழுவைப் படகு, எரிபொருள் விநியோகம், பாதுகாப்புக் காவல் ஆகியவை யாரிடம் என்று அங்கேதான் எழுதியிருக்கும். இழுவைப் படகும் பைலட்டும் யார் கையில் இருக்கிறார்களோ, அவருக்குத் தெரியாமல் பெரிய கப்பல் எதுவும் பெர்த்துக்கு வராது.